மூளை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைப் பற்றித் தெரிந்துகொள்வது எப்படி?

"தலைக்குள்ள ஒரு கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் பேசுவதில் பாதி யாருக்கும் காதில் ஏறாது. வெளியே வந்து மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போதுதான் கேள்விகள் வரும். இவர் யார், எங்கே படித்தார், இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருப்பார்? அன்றிரவே ஒரு சொந்தக்காரர் போன் செய்து "அவரா, ரொம்பக் கைராசி" என்பார். இன்னொருவர் "அங்க மட்டும் போயிடாதீங்க" என்பார். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஆளுக்கு ஒரே ஒரு நோயாளியின் கதை.

ஒரு நியூரோ சர்ஜனின் படிப்பு, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றில் பெரும்பகுதியை வெளியாட்களாகிய நாமே சரிபார்க்க முடியும். மீதியை அவரிடமே கேட்டுவிடலாம். இந்த வாசலில் முதன்முறையாக வந்து நிற்கும் குடும்பங்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள்

விபத்தில் தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் வாந்தி எடுத்து, "தூக்கம் வருது" என்று கண்ணை மூடிவிடுவார். மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே ரத்தம் சேர்ந்து மூளையை அமுக்கும்போது இப்படி ஆகும். இதில் மணிக்கணக்கு கூடக் கிடையாது, நிமிடக்கணக்குதான். இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடும் தலைவலியும், முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவருக்குத் திடீரென்று சிறுநீர் கழிக்க முடியாமல் போய்த் தொடையிடுக்கு மரத்துப்போவதும் அவசரம்தான். இப்படிப்பட்ட நேரங்களில் டாக்டரின் பின்னணியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சி.டி. ஸ்கேனும் தியேட்டரும் தயாராக இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரியில் யார் டியூட்டியில் இருக்கிறாரோ, அவர்தான் உங்களுக்கு நல்ல டாக்டர். சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் கீழ், அதில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகைக்குள், இலவசமாகக் கிடைக்கும். பணத்தை நினைத்து வண்டியைத் தூரத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டாம்.

இடைப்பட்ட கேஸ்களும் உண்டு. மூன்று நான்கு வாரம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, இப்போது தள்ளாடி நடக்கிறார், ஆட்களை மாற்றிச் சொல்கிறார். ஸ்கேனில் பழைய ரத்தக்கட்டு தெரிகிறது. இதற்கு ஒரு நாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "சார், எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று நேராகக் கேளுங்கள். "ரெண்டு வாரத்துக்குள்ள வந்துடுங்க" என்கிற மாதிரி பதில் வந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறோமா?

நியூராலஜிஸ்ட்டும் நியூரோ சர்ஜனும் வேறு வேறு ஆட்கள். முன்னவர் டி.எம். படித்தவர். வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு மருந்தால் வைத்தியம் பார்ப்பவர். பின்னவர் எம்.சிஎச். படித்தவர். கத்தி எடுப்பவர். கை நடுக்கத்துக்கு நேராக சர்ஜனிடம் போய் நிற்பவர்களும், கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பவர்களும் ஏராளம்.

முதுகுத்தண்டில் இன்னொரு குழப்பம். டிஸ்க் பிதுங்கலுக்கு ஆர்த்தோ படித்து ஸ்பைனில் பயிற்சி எடுத்தவரும் செய்வார், நியூரோ சர்ஜனும் செய்வார். இருவரும் நன்றாகச் செய்யக்கூடியவர்களே. தண்டுவடத்துக்கு உள்ளேயே கட்டி என்றால் மட்டும் நியூரோ சர்ஜனிடம் போங்கள். டிஸ்க் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் கத்தி படாமலே அடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கால் பலம் குறையாமல், சிறுநீரில் சிக்கல் இல்லாமல், வெறும் வலிக்காக முதல் நாளே ஆபரேஷன் தேதி குறித்தால் இன்னொருவரையும் கேட்பது நல்லது.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

மருந்துச் சீட்டின் தலைப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதை இப்படி இருக்கும்: எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். (ஜெனரல் சர்ஜரி), எம்.சிஎச். (நியூரோ சர்ஜரி). முதலாவதற்கு ஹவுஸ் சர்ஜன் ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 3. இப்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு நீட் தேர்வு உண்டு, யு.ஜி., பி.ஜி., கடைசியில் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி). ஒரு ஆண்டு கூடத் தவறாமல் போனாலும் பதினொன்றரை ஆண்டு ஆகிவிடும். தேர்வுக்காகக் காத்திருந்தது, அரசுப் பணி என்று இடையில் சில ஆண்டுகள் போயிருக்கும். ஆகவே 'சின்னப் பையனா இருக்காரே' என்று உங்களுக்குத் தோன்றுகிறவர்கூடப் பெரும்பாலும் முப்பது தாண்டியவர்.

எம்.எஸ். இல்லாமல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அடுத்து நேராக எம்.சிஎச். என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர் அல்ல அவர். டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் எம்.பி.பி.எஸ். முடித்ததும் நியூரோ சர்ஜரியிலேயே நேராகச் சேரும் நீண்ட படிப்பு உண்டு. இப்போது அது 6 ஆண்டு. முன்பு 5 ஆண்டாகவும் இருந்தது. உண்மையில் இவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக ஆண்டுகள் மூளையோடு புழங்கியவர்கள். டி.என்.பி. (நியூரோ சர்ஜரி) அல்லது இப்போதைய பெயரில் டிஆர்.என்.பி. என்றிருந்தால், பல்கலைக்கழகத்துக்குப் பதில் தேசியத் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறியவர். எம்.சிஎச்.சுக்கு இணையானது. அதைக் குறைவாக எண்ணும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. காரணமில்லாத பழக்கம்.

இனி, பலகையை நீளமாக்கும் மற்ற எழுத்துகள். எஃப்.ஆர்.சி.எஸ். என்பதற்குப் பக்கத்தில் நியூரோ சர்ஜரியைக் குறிக்கும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரிட்டனில் நியூரோ சர்ஜரிப் பயிற்சியின் இறுதியில் எழுதும் தேர்வு அது; பெரிய விஷயம். எம்.ஆர்.சி.எஸ். மட்டும் என்றால் அங்கே சர்ஜன் பயிற்சியின் தொடக்கக் கட்டத் தேர்வு. ஃபெல்லோஷிப் என்பது எம்.சிஎச். முடித்த பிறகு ஒரு குறிப்பிட்ட துறையில் கூடுதலாக எடுத்துக்கொண்ட பயிற்சி. மண்டை ஓட்டின் அடித்தளக் கட்டிகள், ரத்தக்குழாய் வீக்கம், குழந்தைகள், வலிப்பு, ஸ்பைன் என்று பல பிரிவுகள் அதில் உண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ, கூடவே நின்று கையால் வேலை செய்திருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். அப்சர்வர்ஷிப் என்றால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நின்று பார்த்துவிட்டு வந்தது. அது தவறில்லை, ஆனால் அங்கே கத்தியைத் தொட விட்டிருக்க மாட்டார்கள். 'ஜப்பானில் பயிற்சி பெற்றவர்' என்று போஸ்டரில் இருந்தால், இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சங்கங்களின் உறுப்பினர் என்பது பட்டம் அல்ல. தங்கப் பதக்கம் என்பது அவர் வகுப்பில் முதலாவதாக வந்தார் என்று சொல்கிறது. இருபது ஆண்டு கழித்து அதற்கு அவ்வளவுதான் பொருள்.

பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் போட வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் தேடலாம். 2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் (எம்.சி.ஐ.) இடத்துக்கு வந்ததுதான் இந்த ஆணையம்.

பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றும். நம் ஊரில் எஸ். குமாரும் ஆர். செந்திலும் எத்தனை பேர்! இன்ஷியல் விரிந்து அப்பா பெயராக மாறியிருக்கும், திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கும், எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். எண்ணை வைத்துத் தேடுவதே சுலபம். கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்தவர் என்றால் முதல் பதிவு அந்த மாநில கவுன்சிலில் இருக்கலாம். பட்டியலில் எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டி எம்.சிஎச். காட்டாவிட்டால் உடனே 'போலி' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கூடுதல் படிப்பைத் தனியாகப் பதிய வேண்டும், அது பட்டியலில் ஏறத் தாமதமாவதும் உண்டு. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் சொல்வார்கள். பதிவு எண்ணே இல்லை, கேட்டால் மழுப்புகிறார்கள் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எங்கே, யாரிடம் வளர்ந்தவர்?

நியூரோ சர்ஜரியைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றுக்கொள்வதில்லை. மைக்ராஸ்கோப்பின் இன்னொரு கண்ணாடி வழியே ஆசானின் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். அதனால் 'யாரிடம் பயிற்சி எடுத்தார்' என்ற கேள்வி இந்தத் துறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த வரிசையின் தொடக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் புகழ்பெற்ற நியூரோ சர்ஜன் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நியூரோ சர்ஜரிப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்து, சென்னையில் படித்து, இங்கிலாந்தில் நியூகாசிலில் பழகிவிட்டு வந்தவர் அவர். 1951-இல் இந்த இருவரும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார்கள். ராமமூர்த்தியின் பிரிவில் வளர்ந்த டி.எஸ். கனகா, 1954-இல் எம்.பி.பி.எஸ்., 1963-இல் எம்.எஸ்., 1968-இல் எம்.சிஎச். முடித்து இந்தியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன் ஆனார். அந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்: எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் எம்.சிஎச்.சுக்கும் நடுவே 14 ஆண்டு. சி.டி. ஸ்கேனே இல்லாத காலத்தில், சட்டத்தைத் தலையில் பொருத்தி, அளவெடுத்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு புள்ளியைத் தொடும் ஸ்டீரியோடாக்டிக் ஆபரேஷன்களை இந்தக் குழு செய்துகொண்டிருந்தது.

இப்போது உங்கள் டாக்டருக்கு வருவோம். ஆஸ்பத்திரி இணையதளத்தில் அவர் பெயருக்குக் கீழே எம்.சிஎச். எங்கே முடித்தார் என்று இருக்கும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி என்றால் தலைக்காயம் பார்த்துப் பழகிய கை. ராத்திரி முழுவதும் வரிசையாக விபத்துக் கேஸ்கள் வரும் இடத்தில் பயிற்சி எடுத்தவருக்கு அவசரத்தில் கை நடுங்காது. வலிப்புக்கான ஆபரேஷன், பார்க்கின்சனுக்கு மூளைக்குள் மின்முனை வைப்பது போன்றவை எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பவை அல்ல. அவற்றைச் செய்பவர் எங்கே கற்றார் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பதவிப் பெயர்களுக்கு இரண்டு ஏணிகள் உண்டு. கல்லூரியில் சீனியர் ரெசிடென்ட், அசிஸ்டன்ட் புரொஃபசர், அசோசியேட், புரொஃபசர், துறைத்தலைவர். தனியாரில் அசோசியேட் கன்சல்டன்ட், கன்சல்டன்ட், சீனியர் கன்சல்டன்ட். முதல் ஏணியில் ஏறுவதற்கு ஆண்டுக்கணக்கும் ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். இரண்டாவதில் அந்தந்த ஆஸ்பத்திரி வைத்ததுதான் விதி. அதனால் 'சீனியர்' என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆய்வுக் கட்டுரைகளைப் பப்மெட் என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். கட்டுரை நிறைய இருந்தால் கை நன்றாக இருக்கும் என்று பொருளல்ல. ஆனால் உங்கள் வீட்டு நோயாளிக்கு இருக்கும் அதே நோயைப் பற்றி அவர் எழுதியிருந்தால், அந்த நோயை நிறையப் பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், இந்தத் தகவல்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றைத்தான் சொல்லும்: இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர். உங்களுக்கு வேண்டியது அடுத்த கேள்விக்கான பதில். கடந்த சில ஆண்டுகளாக இவர் எதைச் செய்துகொண்டிருக்கிறார்? முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் அதில் பெரும்பகுதியை ஸ்பைனிலேயே கழித்திருக்கலாம். பத்தே ஆண்டு ஆனவர் வாராவாரம் பிட்யூட்டரிக் கட்டியை (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் வரும் கட்டி) மூக்கு வழியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். பிட்யூட்டரிக்கு நான் இரண்டாமவரிடம்தான் போவேன்.

நேரில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

"டாக்டர்கிட்டப் போய் உங்களுக்கு எத்தனை அனுபவம்னு கேக்கறதா? கோவிச்சுக்க மாட்டாரா?" என்று தயங்குவார்கள். கோவிக்கும் டாக்டரும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்தான். வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரையும், எழுதிக்கொள்ள ஒருவரையும் மட்டும் அழைத்துப் போங்கள். எட்டுப் பேர் போய்ச் சுற்றி நின்றால் எந்த டாக்டரும் சுருக்கமாகத்தான் பேசுவார்.

"சார், இதே மாதிரி கேஸ் நீங்க வருஷத்துக்கு எத்தனை பார்ப்பீங்க?" இதுதான் முதல் கேள்வி. "மொத்தம் எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க" என்று கேட்டால் ஐயாயிரம் என்று பதில் வரும். அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

"ஆபரேஷன் பண்ணாம விட்டா என்ன ஆகும்?" சில சின்னக் கட்டிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரத்தக்குழாய் வீக்கம் என்றால் தலையைத் திறந்து கிளிப் போடாமல், தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியே போய்ச் சுருள் வைத்து அடைக்கவும் முடியும். அதை வேறொரு நிபுணர் செய்யக்கூடும். தான் செய்யாத வழியையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

"முழுசா எடுத்துடுவீங்களா, இல்ல கொஞ்சம் விட்டுடுவீங்களா?" இந்தக் கேள்விக்கு நன்கு தெரிந்தவர் சொல்லும் பதில் உங்களை முதலில் ஏமாற்றமடையச் செய்யலாம். காது நரம்பில் வரும் கட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் புற்றுநோயாக இராத, மெதுவாக வளரும் கட்டி அது. முகத்தை அசைக்கும் நரம்பு அதன் மேல் நூல்போலத் தட்டையாகப் படர்ந்து ஒட்டிக்கிடக்கும். கடைசித் துணுக்கு வரை சுரண்டி எடுத்தால் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், ஆனால் கண் மூடாது, வாய் கோணும், தண்ணீர் குடித்தால் ஓரமாக வழியும். அதனால் "நரம்பில ஒட்டியிருந்தா ஒரு சின்னத் துண்டை விட்டுட்டு வந்துடுவேன், அப்புறம் கதிர்வீச்சு குடுத்துக்கலாம்" என்று சொல்பவர், அந்த நரம்பைப் பல முறை நேரில் பார்த்தவர். ஆபரேஷன் நடக்கும்போது முக நரம்பைக் கண்காணிக்கும் கருவி அங்கே இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

"திறக்கறதிலேர்ந்து மூடற வரைக்கும் நீங்களேதான் பண்ணுவீங்களா?" பயிற்சி மாணவர்கள் இருக்கும் ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டைத் திறப்பதையும் மூடுவதையும் ஜூனியர்கள் செய்வது வழக்கம். அதில் தவறில்லை. அவர்களும் கற்றாக வேண்டும். நுட்பமான பகுதியில் சீஃப் கூடவே இருப்பாரா என்பதே கேள்வி. அரசு ஆஸ்பத்திரியில் யூனிட் முறை இருப்பதால், ஒரு நாளில் பார்த்தவரே இன்னொரு நாளில் இருக்க மாட்டார். சீட்டில் யூனிட் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த யூனிட்டின் ஓ.பி. நாளில் போங்கள்.

"உங்க அப்பாவா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்பவர்கள் நிறைய. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு எந்த டாக்டரும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடியும்.

"நூறு சதவீதம் ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று சொல்பவரிடம் கொஞ்சம் தயங்குங்கள். "இது நான் அதிகமாப் பண்றதில்லை, இன்னார்கிட்டப் போய்க் காட்டுங்க, நான் லெட்டர் தரேன்" என்று சொல்பவரின் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு எதற்காவது நம்பிப் போகக்கூடியவர் அவர்தான்.

இன்னொரு டாக்டரின் கருத்து

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. அதை ரகசியமாகச் செய்யத் தேவையில்லை. ஃபிலிம் மட்டும் வாங்கி வராமல் ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்கள் பதிந்த குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் சில வெட்டுப் படங்கள்தான் இருக்கும், குறுந்தகட்டில் எல்லாம் இருக்கும். சிகிச்சை ஆவணங்களை நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடம் முதலாமவர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். படத்தைக் காட்டி, அவர் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

ஆளைப் போலவே இடமும் முக்கியம்

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். அதற்குப் பிறகு வரும் முதல் இரண்டு ராத்திரிகளில்தான் ரத்தக்கசிவும் வீக்கமும் வரும். அந்த நேரத்தில் சர்ஜன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நோயாளியின் கண்மணியை டார்ச் அடித்துப் பார்த்து, "ஒரு பக்கம் பெரிசாயிடுச்சு" என்று போன் செய்யப் போகிறவர் ஐ.சி.யூ. நர்ஸ். அதனால் ராத்திரியில் ஐ.சி.யூ.வில் டாக்டர் இருப்பாரா, நியூரோ கேஸ்களுக்குப் பழகிய மயக்க மருந்து நிபுணர் உண்டா, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊர் ஊராகப் போய் ஆபரேஷன் செய்துவிட்டு அன்றே ரயில் ஏறும் டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பின்னால் யார் பார்ப்பார் என்று பெயரோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செலவு விஷயத்தில் ஒன்று மட்டும்: பேக்கேஜ் தொகைக்குள் கிளிப், ஷன்ட் (தலைக்குள் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்), ஸ்க்ரூ, பிளேட் போன்ற பொருள்கள் சேருமா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே இன்ஷூரன்ஸ் கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஆபரேஷனுக்கு முந்தைய மாலை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் அவசரமாக. தமிழ்ப் படிவம் இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் மூன்று இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். சர்ஜன் பெயர் என்ற இடத்தில் நீங்கள் பேசிய டாக்டரின் பெயர் இருக்கிறதா? ஆபரேஷன் பெயர் அவர் சொன்னதுதானா? வலது, இடது என்று எழுதியிருப்பது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? ஏதாவது ஒன்று காலியாக இருந்தாலும், மாறியிருந்தாலும் பேனாவை எடுக்காமல் நர்ஸிடம் சொல்லி டாக்டரை ஒருமுறை வரச் சொல்லுங்கள். வருவார்.